நான்கு குரலில் உறுமிய பிணங்கள்

எனக்கு முன்கோபம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்லித் திரிகிறவர்கள் எல்லோரும் என்னுடைய ஏதாவது ஒரு படத்தில் நடித்தவர்கள், அதுவும் பாதி மட்டும் நடித்தவர்கள். நான் தொடங்கிய மூன்று குறும்படங்களில் ஒன்றுகூட முடியவில்லை. முதல் படத்தின் கதாநாயகன் பாதியில் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டான். இரண்டாவது படம் ஹார்ட் டிஸ்க்கோடு போய்ச் சேர்ந்தது. மூன்றாவதில் மழை குறுக்கே வந்தது. மழை விட்டபோது நான் எல்லோரோடும் சண்டை போட்டிருந்தேன்.

பிழைப்புக்குக் கல்யாண வீடியோவும் அடக்க வீடியோவும் எடுக்கிறேன். கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவிலுள்ள எங்கள் ஊர்களில் அடக்கத்தை நேரலையில் விடாவிட்டால் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு மனம் ஆறாது. ஊராருடைய கல்யாணத்தையும் சாவையும் சொன்ன தேதியில் முடித்துக் கொடுக்கிறவனுக்குச் சொந்தக் கதை ஒன்றை முடிக்கத் தெரியவில்லை. இது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. அதை மறைக்கத்தான் அவ்வளவு கத்தினேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான்காவது படம் ஜோம்பி படம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் பயமும் இல்லை, ரசனையும் இல்லை. ஜோம்பி பேசாது, அவ்வளவுதான். எங்கள் வசனத்தைத் திருவனந்தபுரத்தில் கேட்டால் "தமிழா?" என்பார்கள். சென்னையில் கேட்டால் "மலையாளியா?" என்பார்கள். இரண்டு இடத்திலும் சிரிப்பார்கள். செத்தவன் உறுமினால் மட்டும் உச்சரிப்பு சரியில்லை என்று ஒருத்தனும் சொல்ல முடியாது.

கதை சின்னது. ஊரில் ஒருவன் செத்துப்போகிறான். பெட்டியில் கிடத்தியிருக்கும்போது எழுந்து உட்காருகிறான். அவனைப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக அவனைப் போலவே ஆகிவிடுகிறார்கள். கடைசியில் அந்தக் கூட்டம் முழுவதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகாமல் ஊருக்குள் திரும்பி நடக்கிறது.

நாங்கள் நான்கு பேர். செத்தவனாக நடித்தவன் டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன். நானும் அவனும் எங்கள் கிறிஸ்தவ சபையின் ஓய்வுநாள் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். முந்தைய மூன்று படத்திலும் நடித்து மூன்றிலும் பாதியில் விடப்பட்டவன். ஒப்பனைக்கு, எங்களோடு படித்து இப்போது மணப்பெண் அலங்காரம் செய்யும் பியூட்டி பார்லர்காரி. நான்காவது ஆள் ஜங்ஷனில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவன். எங்களுக்கு வேண்டிய பொருளையெல்லாம் எங்கிருந்தாவது கொண்டுவந்து சேர்ப்பது அவன் பொறுப்பு.

ஏழு சனிக்கிழமைகள் ஒழுங்காகப் போயின. எட்டாவது வாரம் கணக்கு வாத்தியாருக்கு அரசு வேலைக்கான உத்தரவு வந்தது. காசர்கோட்டில் வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும். கேரளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. எங்களுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சனிக்கிழமை. எடுக்க வேண்டியவையோ படத்தின் உயிரான இரண்டு காட்சிகள். ஒன்று, பெட்டியிலிருந்து அவன் எழுவது. மற்றொன்று, நாற்பது பிணங்கள் அவன் வீட்டுக்குப் பின்னாலுள்ள வறண்ட கால்வாய் வழியாக நடந்து வருவது.

அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "எலே, சனிக்கிழம இது தீரலன்னா இனி படம்னு சொல்லி என்ன விளிக்காத. பாதி செத்துப் பாதி செத்து எனக்கு மடுத்து, போதும்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னான். அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

இனி பிளெக்ஸ் விஷயம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் பெட்டி வருவதற்கு முன்பே பிளெக்ஸ் வந்துவிடும். படம், பெயர், வீட்டுப் பெயர், அடக்க நேரம். படத்தில் ஒரு காட்சிக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. நான்தான் வாசகம் எழுதிக் கொடுத்தேன். கற்பனைப் பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு அவனுடைய சொந்தப் பெயரையே போட்டேன். அவன் வீட்டில்தான் படப்பிடிப்பு என்பதால் அந்த வீட்டுப் பெயர். நான்கு மணிக்குத் தொடங்குவதாக இருந்ததால் "இன்று மாலை நான்கு மணிக்கு". கறுப்புச் சட்டையில் சிரிக்கும் அவன் படத்தைச் சுற்றி ஊதாப் பூக்கள். தத்ரூபமாக இருக்கிறது என்று எனக்கு நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

பிளெக்ஸ்காரனுக்கு அது சினிமா என்று நன்றாகத் தெரியும். ஆனால் கை பழகிய வேலை. காலையில் கடை திறப்பதற்கு முன் ஜங்ஷனில் ஒன்று, சபை கேட்டில் ஒன்று, வீட்டுக்குத் திரும்பும் முக்கில் ஒன்று என்று மூன்றையும் கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"கெட்டியாச்சு மக்கா."

"செரி," என்றேன். எத்தனை என்று கேட்கத் தோன்றவில்லை. பத்து மணிக்கு ஜங்ஷனுக்குப் போய், பிளெக்ஸின் முன்னால் ஒரு பஸ் கடக்கிற மாதிரி அழகாக எடுத்தேன். எடுத்த சந்தோஷத்தில் அதை அவிழ்க்காமலே வந்துவிட்டேன். பஸ்ஸில் இருந்தவர்களும் போனைத் தூக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். நம் படப்பிடிப்பைத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மதியம் மூன்று மணி. வருகிறோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் நாற்பது பேர். வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவருக்கு ஐந்து மணிக்குப் போக வேண்டுமாம். கணக்கு வாத்தியாரின் அம்மா என் பேச்சை நம்பி நாற்பது பேருக்குக் கிழங்கு அவித்து மீன்கறியும் வைத்திருந்தார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. முற்றத்தில் நின்று போனில் ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருவன், சினேகிதன் ஒருத்தனுடைய அடக்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்றான். யாருடைய அடக்கம் என்று கேட்காமலே அவனையும் திட்டினேன்.

முன்னறையில் பெட்டி தயாராக இருந்தது. பார்லர்காரி கணக்கு வாத்தியாரின் முகத்தை முடித்திருந்தாள். டிஷ்யூ பேப்பரை ரப்பர் பாலில் நனைத்து ஒட்டிக் காயவைத்து ஓரத்தில் பிய்த்தால் அழுகிய தோல் தொங்கும். எங்கள் ஊரில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் ரப்பர் பாலுக்கு வராது. அவன் கண்ணை மூடிப் படுத்தான். நான் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றினேன்.

அப்போதுதான் அவனுடைய சொந்தக்காரர்கள் இருக்கும் கோட்டுகால் ஊரிலிருந்து வேன் வந்தது.

முதலில் இறங்கியது அவனுடைய மாமி. இறங்கும்போதே அழுகை. "எனக்க பொன்னு மக்களே, இந்த மாமிய விட்டுட்டு எங்க போன?" என்று ஓடிவந்து பெட்டிமேல் விழுந்தார். என் கை தானாகவே ரெக்கார்டிங்கை அழுத்திவிட்டது. அத்தனை அடக்கம் எடுத்த கை. பெட்டியில் கிடந்தவன் அசையவில்லை. நான் எங்கிருந்தோ நல்ல நடிகை ஒருத்தியைப் பிடித்து வந்திருக்கிறேன் என்று நினைத்தானாம்.

"அய்யோ, மொகத்த என்னடே செய்து வச்சிருக்கிய!" என்று மாமி அவன் கன்னத்தைத் தடவியபோதுதான் அவனுக்குக் குரல் அடையாளம் தெரிந்தது. ஒரு கண்ணைத் திறந்தான்.

"மாமி, நான் சாவல்ல."

மாமி கத்திய கத்தில் கூரையிலிருந்த காக்கை பறந்தது. பிறகு இரண்டு கையாலும் அவனை அடித்தார். அடித்ததில் ரப்பர் தோல் ஒரு கீற்று அவர் கையோடு வந்துவிட்டது. அதைப் பார்த்து இரண்டாம் தரம் கத்தினார். அவன் அம்மா கையில் அகப்பையோடு ஓடிவந்தார்.

வேனில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வெளியே பைக்குகளும் ஆட்டோக்களும் வந்து நின்றுகொண்டே இருந்தன. அதியன்னூர், காஞ்சிரங்குளம் ஊர்க்காரர்கள், அவனிடம் டியூஷன் படித்தவர்கள், படித்தவர்களின் பெற்றோர், மலர்வளையங்கள். பிளெக்ஸின் படம் சபை குரூப்பில் வந்து, அங்கிருந்து எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் ஏறியிருந்தது. என்னைப் பார்த்துத் தலையில் கைவைத்தபடி நின்ற பிளெக்ஸ்காரன், "சாவு பிளெக்ஸ்னா மூணு எடத்துல கெட்டணும் ஆக்கும், அதான் கெட்டினேன்," என்று யாரிடமோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நிலைமையைத் திருப்பியது அவன் அம்மாதான். படியில் ஏறி நின்று சொன்னார்: "சாவு வீட்டுல அடுப்பு எரியுமா? எனக்க அடுக்களைல வந்து பாருங்க, ரெண்டு அடுப்பும் எரியுது. எனக்க பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல." சொல்லும்போதே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் எழுதிய அந்த ஒரு வரி ஒரு தாயை என்ன பாடு படுத்தியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துச் சபையின் பாடகர் குழு வந்து சேர்ந்தது. இருபத்திரண்டு பேர், எல்லோரும் வெள்ளை உடுப்பு, கையில் பாட்டுப் புத்தகம். முன்னால் அவர்களின் தலைவர். பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர். சுருதி தவறியதற்காகச் சொந்தத் தம்பியையே வெளியே அனுப்பியவர். அவர் பெட்டியில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார், பிறகு கேமராவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சனிக்கிழமையும் அதுவுமா இத்தன பேர ஓடி வர வச்சிருக்க. உனக்கு வெளையாட்டா இருக்கா?"

எனக்குத் தெரிந்த ஒரே வழி திருப்பிக் கத்துவது. வாய் வரை வந்தது. ஆனால் அன்று கத்த என்னிடம் எதுவும் மிச்சமில்லை. "தப்பு எனக்க தப்புதான் அண்ணா," என்றேன். "மூணு படம் தொடங்கினேன், ஒண்ணும் தீரல. இது நாலாவது. இண்ணைக்கு நாப்பது பேரு வேணும், நாலு பேருதான் உண்டு. இவன் நாளைக்குப் போறான். இண்ணைக்குத் தீரலன்னா பின்ன எப்பவும் தீராது."

பெட்டிக்குள்ளிருந்து, பாதி முகம் அழுகி மீதிப் பாதி மாமி அடித்ததில் சிவந்து போயிருந்த என் நண்பன் பேசினான்.

"அண்ணா, எனக்க அடக்கத்துக்குத் தானே எல்லாரும் வந்திய? கொஞ்சம் இருந்துட்டுப் போங்க."

தலைவர் சிரிக்காமலிருக்க மிகவும் பாடுபட்டார். முடியவில்லை. அவர் சிரித்ததும் முற்றமே சிரித்தது. மாமி மூக்கைச் சிந்திவிட்டு, "எனக்கு என்ன வேஷம்?" என்று கேட்டார். போதகருக்குப் போன் போட்டு, அங்கி போட வேண்டாம், ஆள் எழும்பிவிட்டான் என்று யாரோ சொன்னார்கள்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உற்சாகம் தாங்காது. ஒரு மணப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும் பார்லர்காரி, வீட்டு முன்பக்கம் வரிசையில் நிற்க வைத்து ஒன்றேகால் மணி நேரத்தில் நாற்பத்தொரு பேரைப் பிணமாக்கினாள். பவுடர், கரித்தூள், பீட்ரூட் சாறு, ரப்பர் பால். மீசை உள்ளவர்களுக்கு ரப்பர் பால் கிடையாது என்று முதலிலேயே அறிவித்துவிட்டாள். மலர்வளையங்களையும் விடவில்லை, பிய்த்துத் தலையில் சொருகினாள். அதற்குள் நான் பெட்டிக் காட்சியை எடுத்தேன். மாமியின் முதல் அழுகை ஏற்கெனவே கேமராவில் இருந்தது. அதைவிட நல்ல நடிப்பை எந்தப் பணத்துக்கும் வாங்க முடியாது.

ஐந்தே முக்காலுக்குக் கால்வாயில் இறங்கினோம். வெயில் சரிந்திருந்தது. இருபது நிமிட வெளிச்சம், அதிகம் போனால் இருபத்தைந்து.

முதல் முறை நடக்கச் சொன்னேன். எல்லோரும் ஒத்த காலில் நடந்தார்கள். இடது, வலது, இடது, வலது. சபையின் குருத்தோலைப் பவனியில் நடந்து பழகிய கால்கள்.

"கால் ஒத்து நடக்காதீங்க!" என்று அலறினேன்.

"ஓசன்னா ஞாயித்துக்கிழம ஒத்து நடங்கன்னு தொண்ட கிழியச் சொல்லுவேன், ஒருத்தரும் நடக்க மாட்டாங்க," என்றார் தலைவர். "இண்ணைக்கு மட்டும் பாரு."

இரண்டாம் முறை நடை சரியானது. உறுமல்தான் சகிக்கவில்லை. ஒருவர் "ஊ" என்றார், ஒருவர் இருமினார், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சூரியன் ரப்பர் மரங்களின் தலையைத் தொட்டுவிட்டது. எனக்கு நெற்றி நரம்பு தெறித்தது. அப்போது தலைவர் கையை உயர்த்தினார்.

"இது என்ன சத்தம்? சுருதி இல்லாம? சோப்ரானோ இடப்பக்கம் வாங்க. ஆல்ட்டோ அவங்களுக்குப் பின்னால. டெனர், பேஸ் நடுவுல. வாய்க்குள்ள வார்த்த கூடாது, தொண்டைய மட்டும் திறங்க. பேஸ் முதல்ல எடுக்கணும். டெனர் அதுக்கு அரைச் சுருதி மேல, சேரவே கூடாது. மத்த எல்லாரும் பேஸ் கூட."

எங்களுடையது பழைய மிஷன் சபை. பெண்களில் உச்சக் குரல் சோப்ரானோ, தணிந்தது ஆல்ட்டோ, ஆண்களில் உயர்ந்தது டெனர், அடிக்குரல் பேஸ் என்று நான்கு குரலில் பாடுவது எங்களுக்குச் சோறு தின்பது மாதிரி. ஆனால் அந்தத் திறமையை நான் ஒரு நாளும் என் படத்தோடு சேர்த்து யோசித்ததில்லை. தலைவர் வாயால் சுருதி கொடுத்துவிட்டுத் தானும் கரி பூசிய முகத்தோடு கூட்டத்துக்குள் போய் நின்றார். நான் கேமராவை ஓடவிட்டேன்.

பேஸ் குரல்கள் தொடங்கின. கால்வாயின் இரண்டு கல்சுவர்களும் அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தன. அதன்மேல் டெனர் ஏறியது, ஒட்டாமல், பல் கூசுகிற மாதிரி. பிறகு ஆல்ட்டோ. கடைசியாகப் பெண்களின் உச்சக் குரல் எங்கோ மேலே மெலிதாக எழுந்து அங்கேயே நின்றது. கரையில் படுத்திருந்த இரண்டு நாய்கள் எழுந்து ஓடின. எனக்கு முழங்கை வரை புல்லரித்தது. நாற்பத்தொரு பேர் கால் ஒக்காமல், கழுத்துச் சாய்ந்து, சாயங்கால வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தார்கள். நடுவில் என் நண்பன்.

பாதி வழியில் மாமி நின்று சேலைக் கொசுவத்தைச் சரிசெய்தார். வேறு ஒரு நாளாக இருந்தால் "கட்" என்று கத்திக் காட்சியைக் கெடுத்திருப்பேன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் வாயைத் திறந்தால் அந்த ஒலிப்பதிவு போய்விடும். சரிசெய்துவிட்டு மாமி உறுமிக்கொண்டே கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். படத்தில் பார்த்தால் அந்த இடம்தான் அதிகம் பயமுறுத்துகிறது. செத்த பிறகும் சேலையைச் சரிசெய்யும் ஒரு பெண்.

கேமராவைத் தாண்டி எல்லோரும் போய்விட்டார்கள். வெளிச்சமும் போய்விட்டது. நான் இன்னும் எடுத்துக்கொண்டே இருந்தேன். "எலே, கிடைச்சா?" என்று பின்னாலிருந்து நண்பன் கேட்டான். கிடைத்தது என்று தலையை ஆட்டினேன். அவன் என்னைத் தூக்கிச் சுற்றினான். என் சட்டையெல்லாம் பீட்ரூட். அன்று நாற்பத்தொரு பிணங்களும் கைகழுவிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து கிழங்கும் மீன்கறியும் தின்றன. அம்மா ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பார்த்து மறுபடி வைத்தார். எனக்கு மட்டும் மீன்தலையை வைத்து, "இனி எனக்க பிள்ளைக்க பேர எழுதினா கைய ஒடிப்பேன்," என்றார்.

மறுநாள் நண்பன் ரயில் ஏறினான். கொல்லம் தாண்டும் வரை அவனுக்கே அனுதாபம் சொல்லிப் போன்கள் வந்தனவாம். அத்தனைக்கும் அவனே நன்றி சொன்னானாம்.

எடிட்டிங்கில் என் பழைய நோய் திரும்ப வந்தது. எல்லாம் தயாரான பிறகு, அந்த இடம் சரியில்லை, இந்த இடத்தை மறுபடி எடுக்கலாம் என்று இரண்டு மாதம் இழுத்தேன். காசர்கோட்டிலிருந்து ஒரு நாள் போன். "மக்கா, நாப்பத்தொரு பேரு மொகத்துல கரி பூசிட்டு நிக்கிறாங்க. அவங்களுக்காவது தீத்து விடு." போனை வைத்துவிட்டு உட்கார்ந்து, எதையும் மாற்றாமல், முடிந்த படமாகக் கணினியிலிருந்து வெளியே எடுத்தேன். அதுதான் நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை.

பிறகு ஒரு விழாவில் அந்தப் படத்தின் ஒலிக்குப் பரிசு கிடைத்தது. ஒலி வடிவமைப்பு யார் என்று மேடையில் கேட்டார்கள். சபைப் பாடகர் குழு என்றேன், கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் வெற்றி அது கிடையாது. அது அதற்கு முன்பே, எங்கள் சபை மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்துவிட்டது.

ஜன்னல்களைப் பழைய பிளெக்ஸால் மூடியிருந்தோம். நடித்தவர்களெல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நண்பன் லீவு போட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தங்கள் முகம் வரும்போதெல்லாம் ஆளாளுக்குக் கூச்சல் போட்டார்கள். "அது எனக்க மாப்பிள்ள!" "அய்யே, உனக்க மூக்கப் பாரு!" ஒரு வசனமாவது கேட்டிருக்கும் என்று சொல்ல முடியாது, நல்லவேளை வசனமே இல்லை. கால்வாய்க் காட்சி வந்தது. பேஸ் குரல் தொடங்கியதும் மண்டபம் அடங்கியது. தாங்கள் எழுப்பிய சத்தத்தைத் தாங்களே கேட்டு வாயடைத்துப் போனார்கள். அம்மா மகனுடைய கையை எட்டிப் பிடித்துக்கொண்டதை இருட்டில் பார்த்தேன்.

பெயர்கள் ஓடின, நாற்பத்தொரு பெயரும். திரை இருண்டது. விளக்கைப் போட்டோம். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிச்சம் எப்பம் வரும்?" என்று மாமி கேட்டார்.

நான் எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றேன். "மிச்சம் இல்ல மாமி," என்றேன். "இவ்வளவுதான். படம் முடிஞ்சு."

முன்வரிசை எழுந்து கைதட்டியது. பின்வரிசையில் இருந்தவர்கள் என்ன சொன்னான் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. கடைசி பெஞ்சுக்கும் கேட்கட்டும் என்று, ஊருக்கே தெரிந்த அந்தக் குரலில் இன்னொரு தரம் கத்தினேன்.

"படம் முடிஞ்சு!"